சுறாப்புட்டை எடுத்துவிடு

காரைக்கால்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய மெனுவைப் பார்த்தேன். வெளியூர் வேலையை விட்டுவிட்டு நம் ஊரிலேயே மீன் சாப்பாட்டு மெஸ் போடப் போகிறாய் என்பதில் எனக்குக் கொள்ளைச் சந்தோஷம். ஆனால் வருஷம் முழுக்க வஞ்சிர வறுவல், தினமும் சுறாப்புட்டு என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் மனசை உறுத்துகிறது.

சுறாப்புட்டை எடுத்துவிடு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று அம்மா எனக்குச் செய்து கொடுத்த ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது. இருந்தாலும் சுறா மற்ற மீன்களைப் போல லட்சக்கணக்கில் முட்டையிடும் ஜாதி இல்லை. வளர்ந்து ஆளாகவே பல வருஷம் ஆகும், ஈனுவதும் கொஞ்சம் குட்டிகள்தான். பிடிக்கிற வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழியும் நிலையில் இருப்பதாக 2021இல் உலக அளவில் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். புட்டு கட்டாயம் வேண்டுமென்றால் சூரையில் செய். அவித்து உதிர்த்து, பூண்டும் சின்ன வெங்காயமும் தாராளமாகப் போட்டு வதக்கினால் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

வஞ்சிரத்தையும் மெனுவில் அச்சடிக்காதே. வாசலில் ஒரு கரும்பலகை வை. காலையில் கரைக்கு என்ன வந்ததோ அதை எழுது. எந்த மாதம் எந்த மீனைச் சாப்பிடலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்று சொல்வதற்கென்றே திவ்யா கர்நாட் என்ற கடல் ஆய்வாளர் ‘இன்சீசன் ஃபிஷ்’ என்ற முயற்சியை நடத்துகிறார். பெரிய ஓட்டல்காரர்களிடம்கூடப் பேசுகிறார்கள். நம் மாதிரி சின்னக் கடைக்கு இது இன்னும் சுலபம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் அரசலாற்று முகத்துவாரத் துறைமுகத்திலேயே கட்டிக்கிடக்கும். அப்போது ஃபைபர் படகுக்காரர்கள் கொண்டுவரும் மத்தியும் நெத்திலியும் காரப்பொடியும்தான் உன் பலகையில் இருக்க வேண்டும். வெளிமாநில ஐஸ் மீனை வாங்கி அந்த இரண்டு மாதத்தை ஓட்டாதே.

வாங்கும்போது கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேட்டுப் பெண்களிடம் நேராக வாங்கு. கையில் காசில்லாமல் தினவட்டிக்கு வாங்கித்தான் பல பேர் ஏலத்தில் நிற்கிறார்கள். சாயங்காலம் வட்டிக்காரன் எடுத்தது போக மிஞ்சுவது சொற்பம். ‘வாரக் கடைசியில் கணக்கு முடிக்கலாம்’ என்று நீ சொன்னால் அந்த ஒரு வார வட்டியையும் அவர்கள்தான் கட்ட வேண்டும். அதனால் காலையிலேயே ரொக்கமாகக் கொடுத்துவிடு. என்னைக் கேட்டால், நீ ஊருக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான்.

அடுத்தது கழிவு. செதிலையும் குடலையும் மணலில் கொட்டுவது நம் ஊர் வழக்கம். அதைத் தின்று பெருகும் நாய்கள்தான் பங்குனி ஆமையின் குழியைத் தோண்டுகின்றன. தை, மாசியில் ராத்திரி கரையேறி ஒரு குழிக்கு நூறு முட்டைக்கு மேல் இடுகிறது அந்த ஆமை. குஞ்சு பொரிய ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஒரு நாய் மோப்பம் பிடித்தால் குழி முழுக்கப் போய்விடும். தப்பிப் பொரிந்த குஞ்சும் வெளிச்சத்தைக் கடலென்று நம்பி ரோட்டுப் பக்கம் ஊர்ந்து வந்து சாகிறது. ஆகவே கடல் பார்த்த பக்கம் ஃபோகஸ் லைட் போடவே போடாதே. வலையில் மாட்டி மூச்சுமுட்டிச் செத்த ஆமைகள் ஒதுங்குவதைப் பார்க்கும்போது நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. அது விசைப்படகுக்காரர்களும் அரசாங்கமும் சேர்ந்து தீர்க்க வேண்டியது. நாயும் லைட்டும் நம் கையில் இருப்பவை.

கழிவை வீணாக்க வேண்டாம். எடைக்கு எடை நாட்டுச் சர்க்கரை சேர்த்து பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு இறுக மூடி நிழலில் வை. மூன்று வாரம் கழித்துத் திறந்தால் மீன் நாற்றம் போய், பழ வாசனையோடு தேன் நிறத்தில் மீன் அமிலம் இருக்கும். பத்து லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி கலந்து தெளித்தால் நெற்பயிர் கருகருவென்று வரும். விழிதியூர்ப் பக்கம் மருந்தடிக்காமல் பயிர் வைப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு டிரம்மைக் கொடு, அவர்களிடமே அரிசி வாங்கு. மருந்தில்லாத வயலில் நத்தையும் தவளையும் இருக்கும். அதைத் தேடி நத்தைகுத்தி நாரை வரும்.

அந்த அரிசியும் பாரம்பரிய ரகமாக இருக்கட்டும். திருத்துறைப்பூண்டியில் நெல் ஜெயராமன் பாரம்பரிய நெல்லில் இரண்டு கிலோ விதை கொடுத்து, மறு வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பி வாங்குவார். 2018இல் அவர் மறைவதற்குள் 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்கள் அப்படித்தான் மீண்டன. நம்முடையது கடைமடை. காவிரித் தண்ணீர் தாமதமாக வரும், ஐப்பசி மழையோ ஒரேயடியாக மூழ்கடிக்கும். இந்த மண்ணுக்குப் பழகிய நெல்லை விளைவிப்பவனுக்கு, அதைச் சமைத்துப் போட ஒரு அடுப்பு வேண்டாமா? விளைச்சல் குறைவு, அரிசி விலை கூடத்தான் செய்யும். சாப்பாட்டில் பத்து ரூபாய் ஏற்று. சனிக்கிழமை திருநள்ளாற்றுக்கு வருகிற கூட்டம் மீன் தொடாது. அன்றைக்குத் தூயமல்லி அரிசிச் சோறும் கத்தரிக்காய்க் கொத்சும் போட்டுப் பார்.

கடைக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நடை வந்து போ. விடியற்காலை ஏலத்துக்குக் கூட்டிப் போகிறேன், வாங்குகிற ஆட்களை நீயே பார்த்துப் பேசிக்கொள். வரும்போது மூடி இறுக்கமான டிரம் இரண்டு வாங்கி வா. பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா