தாம்பூலமும் தர்மமும்

பூவிருந்தவல்லியிலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் தொழிற்பேட்டைகளும் கிடங்குகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நெருங்கி எழுந்துவிட்ட போதிலும், திருமழிசையைத் தாண்டிக் கிளைச்சாலைகளில் சிறிது தூரம் உள்ளே சென்றால், பங்குனி முதல் ஆடி முடியுமட்டும் ஏதேனும் ஒரு கிராமத்தில் அம்மன் திருவிழாவும் அதையொட்டி விடிய விடியத் தெருக்கூத்தும் நடப்பதை இன்றைக்கும் காணலாம். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பகலெல்லாம் இயந்திரங்களோடு உழைத்துவிட்டு வந்தவர்கள், களரியைச் சுற்றிப் பாய் விரித்து அமர்ந்து, திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் விருத்தம் எடுத்தவுடன் களைப்பை மறந்து நிமிர்ந்து உட்காருகிறார்கள். அவ்வாறு அவர்களை நிமிர வைக்கிறவர்களின் ஜீவனம் எப்படி நடக்கிறது என்பதைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் சிந்திப்பதில்லை.

அதை நேரில் அறியும் ஆவலோடு, ஆவடிக்கும் பூவிருந்தவல்லிக்கும் இடையே ஜமா என்னும் கூத்துக்குழுவை நடத்தும் வாத்தியார் ஒருவரின் இல்லத்துக்கு 2024-ஆம் ஆண்டு தை மாதத்தில் சென்றேன். ஆட்டம் இல்லாத காலம் அது; ஆனால் வேலை இல்லாத காலம் அன்று. தாழ்வாரத்தில் பெரிய தகரப் பெட்டியொன்று திறந்து கிடந்தது. கிரீடங்களும் புஜக்கட்டைகளும் மார்ப்பதக்கங்களும் ஓலைப்பாயில் வரிசையாகப் பரப்பப்பட்டிருந்தன. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் பெய்வித்த மழையில் ஆவடி, பட்டாபிராம், அம்பத்தூர்ப் பகுதிகளின் தாழ்ந்த தெருக்களெல்லாம் வெள்ளக்காடான போது, வாத்தியாரின் வீட்டுக்குள்ளும் நீர் புகுந்து, அந்தப் பெட்டி இரண்டு நாள் தண்ணீரில் கிடந்ததாம்.

அணிகள் யாவும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. இரவு முழுவதும் தலையிலும் தோளிலும் சுமந்துகொண்டு சுழன்றாட வேண்டியவனுக்கு அதைப் போன்ற கனமற்ற மரமே உகந்தது. ஆனால் அது நீரை எளிதில் உறிஞ்சிவிடும். ஆகையால் மரம் உப்பி, ஜிகினாத் தாள் உரிந்து, கண்ணாடிச் சில்லுகள் உதிர்ந்திருந்தன. வாத்தியார் ஒரு புஜக்கட்டையை மடியில் வைத்துக்கொண்டு, எஞ்சிய பழைய தாளை ஈரத்துணியால் ஊறவைத்துச் சுரண்டினார். நனைந்து உலர்ந்ததால் விழுந்த வெடிப்புகளில் மரத்தூளும் பசையும் கலந்து அடைத்தார். பிறகு புதுத் தாள் ஒட்டி, கண்ணாடிச் சில்லுகளைப் பதிக்கலானார். ஒவ்வொரு சில்லையும் விளக்குக்கு நேரே பிடித்து, இம்மியளவு சாய்த்து, அது ஒளியை எந்தப் பக்கம் வீசுகிறதென்று பார்த்த பிறகே அழுத்தினார். எல்லாம் ஒரே மட்டமாக இருந்தால் முன்வரிசைக்காரர்களின் கண் கூசுமாம். கடைசி வரிசைக்கு ஒன்றும் தெரியாதாம். கோணங்கள் மாறியிருந்தால்தான், ராஜா கிறுகிறுவென்று சுற்றும்போது தூரத்துத் திண்ணையில் இருக்கும் கிழவிக்கும் அவன் தோள் ஜொலிக்கும் என்றார். யாரும் எண்ணிப் பாராத அந்தக் கிழவியை மனத்தில் இருத்தி வேலை செய்யும் கைகளைக் கண்டபோது, சாஸ்திரம் என்று நாம் போற்றும் எதற்கும் இந்தத் தொழில் குறைந்ததன்று என்பதை உணர்ந்தேன்.

கூத்தின் பொருளாதாரம் எளியது; அதனாலேயே ஆபத்தானது. ஊர்ப் பெரியவர்கள் வெற்றிலை பாக்கு பழத்தோடு அச்சாரமும் வைத்து வாத்தியாரிடம் தாம்பூலம் கொடுக்கிறார்கள். அவர் நோட்டுப் புத்தகத்தில் தேதியைக் குறித்துக்கொள்கிறார். ஆட்டம் முடிந்து கிடைக்கும் தொகை, வேஷக்காரர், முகவீணைக்காரர், மிருதங்கக்காரர், பின்பாட்டுக்காரர் என அவரவர் தகுதிக்கேற்பப் பங்காகப் பிரிகிறது. அணிகளுக்கும் உடைகளுக்கும் உரிய பெட்டிக்கும் ஒரு பங்கு உண்டு. ஆட்டம் இருந்தால் பங்கு, இல்லையேல் ஒன்றுமில்லை. சில மாதத்துச் சம்பாத்தியத்தில் ஓராண்டைக் கடத்த வேண்டிய குடும்பங்கள் இவை.

வாத்தியார் 2020-ஆம் ஆண்டின் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். பங்குனி, சித்திரை, வைகாசி என்று பக்கம் பக்கமாக ஊர்ப்பெயர்கள். அவற்றின் மேல் குறுக்குக் கோடுகள். மார்ச் 25 முதல் கொரோனாத் தொற்றால் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. கூத்தின் பருவம் முழுவதும் அதில் அமிழ்ந்தது. மறு ஆண்டு இரண்டாம் அலையும் அதே மாதங்களில் வந்து வாய்த்தது. கோயம்பேட்டுச் சந்தையை மூடி 2020 மே மாதத்தில் திருமழிசையில் தற்காலிகச் சந்தை திறந்தபோது, இந்த ஜமாவில் அர்ச்சுனன் வேஷம் கட்டும் இளைஞர் அங்கே காய்கறி மூட்டை சுமந்தார். பெண் வேஷத்தில் பெயரெடுத்தவர் அம்பத்தூரில் இரவுக் காவலுக்குப் போனார். முன்னவர் திரும்பி வந்தார், பின்னவர் திரும்பவில்லை.

உதவியே வரவில்லை என்று எவரும் சொல்லவில்லை. 2007-இல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தையும், அரிசி கொண்டு வந்து இறக்கிய அண்டை அயலாரையும் வாத்தியார் நன்றியோடு நினைவுகூர்ந்தார். பிறகு சற்றே தயங்கிச் சொன்னார்: “அரிசி குடுத்தவங்கள மறக்க மாட்டோம் சார். ஆனா எல்லாம் தொறந்த பின்னாடியும், காசு முடையின்னு ஊருங்க மொதல்ல நிறுத்தினது கூத்தத்தான். எங்களுக்கு ஆட்டம் குடுத்திருந்தா, அரிசிய நாங்களே வாங்கியிருப்போம்.”

முடை வந்தால் முதலில் நிறுத்தத்தக்கது கலை என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை என் வருகையை அடுத்து வந்த சித்திரையில் அதே ஜமாவின் பாரதக் கூத்தில் கண்டேன். பதினெட்டாம் போர் முடிந்து விடிந்ததும் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் ஊர்ப் பொதுவெளியில் மல்லாந்து கிடக்க, பீமனும் துரியோதனனும் அதைச் சுற்றிப் போரிட, தொடை பிளந்து செந்நீர் பெருக, திரௌபதி கூந்தல் முடிந்தாள். உடனே ஒப்பாரி எழுந்தது. வேஷக்காரரோடு கூட்டத்துப் பெண்களும் வாய்விட்டு அழுதார்கள். என் அருகே அழுதுகொண்டிருந்த மூதாட்டியின் கணவர் 2021-இல் தொற்றால் மருத்துவமனையில் இறந்தவர்; உடலை வீட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை; சுற்றத்தார் கூடி அழவும் முடியவில்லை. “அன்னிக்கு அழ உடல, இன்னிக்கு அழுதேம்பா” என்றார். அரசாங்கத்தாலும் மருத்துவத்தாலும் ஆற்ற முடியாத ஒரு துக்கத்தை, கல்யாண முருங்கைக் கிரீடம் தரித்த சில ஏழைகள் ஆற்றினார்கள். கஷ்ட காலத்தில் கலை எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைக் காட்டிலும் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

இதை அறிந்த நாடுகள் உண்டு. 1930-களின் பெருமந்தத்தில் கோடிக்கணக்கானோர் வேலையிழந்து நின்ற போது, அமெரிக்க அரசு 1935-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் நடிகர்களுக்கும் ஓவியர்களுக்கும் இசைவாணர்களுக்கும் அவரவர் அறிந்த தொழிலையே கொடுத்து, அதற்குக் கூலியும் கொடுத்தது. பிரிட்டன் 1940-இல், போருக்கு நடுவே, இசையையும் நாடகத்தையும் தொழிலாளர்களிடையே கொண்டு செல்ல ஒரு குழுவை அமைத்தது. போர் முடிந்ததும் அதுவே கலைகளுக்கான நிரந்தர அமைப்பாயிற்று. நம் நாட்டிலும் அந்தச் சிந்தனை இல்லாமலில்லை. சமதர்ம பாணிச் சமுதாயமே லட்சியமென்று ஆவடிக் காங்கிரஸ் தீர்மானித்த அதே 1955-ஆம் ஆண்டில்தான், பின்னர் இயல் இசை நாடக மன்றமாக வளர்ந்த சங்கீத நாடக சங்கம் சென்னை ராஜ்யத்தில் தோன்றியது. 1990-இல் பெருங்கட்டூர் ராஜகோபால் முதலிய கூத்தர்கள் காஞ்சிபுரப் பகுதியில் கட்டைக்கூத்து சங்கம் கண்டு, தங்கள் கௌரவத்துக்குத் தாங்களே பாடுபட்டார்கள்.

ஆபத்தில் அரிசி அவசியம். அந்தத் தர்மத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தர்மம் ஒருவரின் பசியை ஆற்றுமேயன்றி அவருடைய வித்தையைக் காப்பாற்றாது. தாம்பூலம் இரண்டையும் காக்கும். ஆகவே, வெள்ளமோ தொற்றோ பருவத்தைக் குலைக்கும் ஆண்டுகளில், நின்றுபோன ஆட்டங்களைப் பின்னால் நடத்தித் தரும்படி அரசே அச்சாரம் கொடுத்து உறுதி செய்யலாம். வேலை போயிற்றே என்று கலைஞன் மூட்டை தூக்கப் போகாதிருக்க அதுவே வழி. நனைந்த கட்டைகளையும் கிழிந்த மிருதங்கத் தோலையும் புயல் நிவாரணக் கணக்கில் தொழிற்கருவிச் சேதமாகவே எழுத வேண்டும். அம்பத்தூர், திருமழிசைத் தொழிற்பேட்டைகளில் ஆயுத பூஜையைச் சிறப்பிக்கிற நிர்வாகங்களும், ஆண்டு விழா நடத்துகிற அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களும் வருஷத்துக்கு ஓர் இரவைக் கூத்துக்கென ஒதுக்கினால், ஆடி முடிந்ததும் வற்றிப்போகும் பங்கு மார்கழி வரைக்கும் நீளும்.

வரும் பங்குனிக்கு முன்பாக, இந்தப் பிரதேசத்தில் வாழும் வாசகர்கள் தங்கள் ஊர் விழாக் குழுவில் ஒரு ஜமாவின் பெயரைச் சொல்லி வாதாட வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன். பணமுடை என்று பதில் வந்தால், முடையுள்ள ஆண்டுக்குத்தான் கூத்து மிகவும் தேவை என்று சொல்லுங்கள். தாம்பூலத்தை நீங்களே எடுத்துக்கொண்டு வாத்தியாரின் வீட்டுக்குப் போங்கள்.