இரண்டு சுற்றுக்கு யார் கூலி தருவது?

காவாந்தண்டலத்துச் செய்யாற்றங்கரை வயல்களிலிருந்து மூட்டை ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரத்துக்கும் உத்திரமேரூருக்கும் ஓடும் வண்டிகளில் குட்டி யானைக்குத் தனி இடம் உண்டு. 2005இல் டாடா ஏஸ் என்ற பெயரில் வந்த இரண்டு சிலிண்டர் டீசல் வண்டி அது. அதோடு பழைய மாருதி 800, சான்ட்ரோ, கைமாறி வந்த டஸ்டர் டீசல் கார்களும் இந்தச் சாலையில் ஓடுகின்றன. இவை எல்லாவற்றின் எஞ்சினிலும் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டைச் சுழற்றுவது ஒரு ரப்பர் பல் பெல்ட். சாலையோரப் பட்டறைகளில் அதை மாற்றிய பிறகு அடிக்கடி கேட்கும் புகார் ஒன்றுதான்: "பெல்ட் மாத்தினதிலேர்ந்து வண்டி இழுக்கலண்ணே." பெல்ட் டூப்ளிகேட் என்பார் ஒருவர், மெக்கானிக்குக் கை வரவில்லை என்பார் இன்னொருவர். அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்த அளவில், இரண்டுமே முதல் காரணம் இல்லை என்று எனக்குப் படுகிறது. பெல்ட்டை மாட்டுவதற்கு நாம் கூலி தருகிறோம். மாட்டியது சரியா என்று பார்ப்பதற்குத் தருவதில்லை. கோளாறு பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

வேலையைக் கிட்டத்தில் பார்த்தால் இது புரியும். பெல்ட் கவரைக் கழற்றியதும் கிராங்க் போல்ட்டில் ஸ்பானரைப் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே மெல்லத் திருப்பி, முதல் சிலிண்டரின் பிஸ்டனை டாப் டெட் சென்டருக்குக் கொண்டு வருகிறார்கள். கிராங்க் பல்சக்கரத்தின் குறி எஞ்சின் உடலில் உள்ள குறிக்கு நேராகவும், கேம் புல்லியின் குறி ஹெட்டில் உள்ள குறிக்கு நேராகவும் நிற்க வேண்டும். பழைய பெல்ட்டை உருவும் அந்தக் கணத்தில், வால்வு ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தால் கேம் தானாகவே கொஞ்சம் துள்ளித் திரும்புவதுண்டு. அதை மறுபடி குறிக்குக் கொண்டுவந்து ஒரு கையால் பிடித்துக்கொண்டே, மறுகையால் புது பெல்ட்டை ஏற்ற வேண்டும். பெல்ட்டுக்குள் கண்ணாடி இழை நூல்கள் ஓடுகின்றன. மடித்தாலோ முறுக்கினாலோ இழை உள்ளேயே முறியும். அதனால் நெம்பியும் ஏற்றக் கூடாது. கிராங்க் இழுக்கும் பிடிமானப் பக்கம் விறைப்பாக இருந்து, தளர்ச்சி முழுவதும் டென்ஷனர் பக்கம் வந்து சேர வேண்டும். பிடிமானப் பக்கத்தில் சிறிது தளர்ச்சி தங்கிவிட்டாலும் கண்ணுக்குக் குறிகள் நேராகத்தான் தெரியும். கிராங்க் சுற்றத் தொடங்கியதும் அந்தத் தளர்ச்சியை முதலில் இழுத்துக்கொள்ளும், கேம் பின்தங்கும். கேம் புல்லியில் 40 பல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பல் 9 டிகிரி. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்றுதான் சுற்றும் என்பதால், கிராங்க் கணக்கில் அது 18 டிகிரி. உள்ளிழுக்கும் வால்வு அவ்வளவு தாமதமாக மூடினால், உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கு மேலே ஏறும் பிஸ்டனால் திரும்ப வெளியே தள்ளப்படும். கம்ப்ரஷன் குறையும், ஸ்டார்ட்டிங் கஷ்டமாகும், பிக்கப் போகும்.

இதைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்றும் ரகசியம் இல்லை. டென்ஷனரை இறுக்கிய பின் கிராங்க்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றி, குறிகள் மறுபடி அதே இடத்தில் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நடுவில் எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்தவும் முடியும். வால்வும் பிஸ்டனும் மோதக்கூடிய எஞ்சினில் இது பெரிய காப்பு. சில பெல்ட்டுகளின் முதுகில் அச்சிட்ட கோடுகள் இந்த இரண்டு சுற்றுக்குப் பிறகு குறிகளோடு சேராது, சேரவும் தேவையில்லை. பெல்ட்டின் பல் எண்ணிக்கையும் சக்கரத்தின் பல் எண்ணிக்கையும் வேறு வேறு. இது தெரியாத பையன்கள் கோடு தள்ளிவிட்டதென்று பயந்து, சரியாக இருந்ததைக் கழற்றி மாட்டுவதும் நடக்கிறது.

இந்தச் சோதனையைத் தாண்டிப் போனால் பிழை அப்படியே தெரிந்துவிடுவதும் இல்லை. இன்னொரு இடத்தில் சரிக்கட்டப்பட்டு மறைந்துபோகிறது. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். பழைய மாருதி 800இல் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவது கேம். கேம் பின்தங்கினால் தீப்பொறியும் பின்தங்கும். டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் தீப்பொறி நேரத்துக்கு வந்துவிடும், வண்டியும் ஓரளவு ஓடும். வால்வு மட்டும் தவறான நேரத்திலேயே திறந்து மூடிக்கொண்டிருக்கும். பழைய டீசலில் இதே வேலையைப் பம்ப்பில் செய்கிறார்கள். வெள்ளைப் புகை வந்தால் பம்ப்பைச் சற்றே முன்னுக்குத் திருப்பி இறுக்குகிறார்கள். புகை குறைகிறது, தட்டல் சத்தம் கூடுகிறது, எஞ்சின் சூடேறுகிறது. பிறகு ரேடியேட்டரைக் குறை சொல்லி ஒரு செலவு, இன்ஜெக்டரைக் குறை சொல்லி இன்னொரு செலவு. வண்டியை நம்பிப் பிழைப்பவருக்கு ஒரு பல் இப்படிப் பல மாத வருமானத்தைத் தின்கிறது.

கை பழகிய மெக்கானிக்குக்குச் சரிபார்ப்பே தேவையில்லை என்று சொல்பவர்கள் உண்டு. அனுபவம் வேகத்தைத் தரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தளர்ச்சி எந்தப் பக்கம் தங்கியது என்பது சுற்றிப் பார்க்காமல் யார் கண்ணுக்கும் தெரியாது. நான் பார்த்ததில் மூத்த கைகள்தான் சளைக்காமல் இரண்டு சுற்றும் சுற்றின. அவசரப்பட்டவர்கள், பக்கத்தில் நின்ற வண்டிக்காரரின் அவசரத்தால் அவசரப்பட்டார்கள். ஸ்கேனர் சொல்லிவிடுமே என்பது இன்னொரு வாதம். கார்புரேட்டர் மாருதியிலும் பழைய ஏஸிலும் ஸ்கேனர் கேள்வி கேட்க ஒரு கம்ப்யூட்டரே கிடையாது. சென்சார் உள்ள கார்களில் கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்று பி0016 என்ற பிழைக் குறியீடு வரலாம். சென்சாரோ வயரோ கெட்டாலும் அதே குறியீடு வரக்கூடும். அதனால் நல்ல சென்சாரைக் கழற்றிப் புதிது போட்டுவிட்டு, பெல்ட்டைத் தொடாமலே அனுப்புகிறார்கள். கம்ப்ரஷன் கேஜை மாட்டிப் பார்த்தால் இதைவிட நேரான பதில் கிடைக்கும். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் வால்வையோ ரிங்கையோ சந்தேகப்படலாம். எல்லாமே சமமாகக் குறைந்திருந்தால் முதலில் திறக்க வேண்டியது பெல்ட் கவர்.

பெல்ட்டின் காலமே முடிகிறது, இப்போதெல்லாம் செயின்தானே என்ற கேள்விக்குப் பாதி நியாயம் உண்டு. 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 காரோடு பெருவாரி உற்பத்திக்கு வந்த ரப்பர் பெல்ட்டைப் பல நிறுவனங்கள் கைவிட்டுச் செயினுக்குத் திரும்பியிருக்கின்றன. ஆனால் கிராமத்துக்கு வருவது புது கார் அல்ல. இங்கிருந்து அதிகத் தூரமில்லாத ஒரகடத்து ஆலையில் செய்த டஸ்டர் 2012இல் விற்பனைக்கு வந்தது. அதன் டீசல் எஞ்சினில் வாட்டர் பம்ப்பும் டைமிங் பெல்ட்டில்தான் ஓடுகிறது. கிராங்க்குக்கும் கேமுக்கும் தனித்தனி லாக்கிங் பின் போட்டுத்தான் டைமிங் வைக்க வேண்டும். நகரத்தில் முதல் சொந்தக்காரர் ஓட்டி முடித்து, இரண்டாவது பெல்ட் மாற்றும் தறுவாயில் இத்தகைய கார்கள் உத்திரமேரூர்ப் பக்கம் வருகின்றன. சர்வீஸ் புத்தகம் கூடவே வருவது அபூர்வம். பின் செட்டை வாங்கி வைக்கும் அளவுக்குச் சின்னப் பட்டறைக்கு வரும்படி இல்லை. கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போகச் சொல்வது சுலபம்; அந்த பில்லைக் கட்ட முடிந்தவர் பத்து வருடப் பழைய காரை வாங்கியிருக்க மாட்டார்.

ஆகவே பில்லில் பெல்ட், டென்ஷனர், லேபர் என்ற வரிகளுக்குக் கீழே இன்னொரு வரி வேண்டும்: கையால் சுற்றிப் பார்த்தது, கம்ப்ரஷன் எடுத்தது, அதற்கு இவ்வளவு. அந்தத் தொகையை வண்டிக்காரர் கேள்வி கேட்காமல் தர வேண்டும். கேஜில் வந்த எண்ணை மெக்கானிக் எழுதிக் கொடுக்க வேண்டும். பெல்ட் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி கவர் மேல் ஒட்டிவிட்டால், அடுத்து அந்த வண்டியை வாங்குபவருக்கும் அடுத்த பட்டறைக்காரருக்கும் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும்.