பெரிய கத்தியை எங்கே மாட்டுவது?

காட்டில் கூடாரம் போடக் கிளம்புகிறவர்கள் எந்தக் கத்தி வாங்கலாம் என்று மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். அதை உடம்பில் எங்கே மாட்டுவது என்று யாரும் யோசிப்பதில்லை. பெல்ட்டில் இறுக்கி மாட்டிய நீளக் கத்தி நடக்கும்போது சும்மா இருக்கும். குந்தி உட்கார்ந்து அடுப்பு மூட்டும்போதுதான் பிடி விலாவில் குத்தும். முதுகுப்பையின் இடுப்புப் பட்டையும் அதே இடத்துக்குத்தான் போட்டிக்கு வரும்.

வட ஐரோப்பாவின் லாப்லாந்தில் கலைமான் மேய்க்கும் சாமி மக்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். லெவுகு என்ற அவர்களுடைய பெரிய கத்தி, பெல்ட்டுக்குக் கீழே தோல் வளையத்தில் தொங்கும். உட்கார்ந்தால் உறையும் நகர்ந்து இடம் கொடுக்கும். பிடியின் ஒரு பகுதியையும் உறை கவ்வியிருப்பதால் லேசில் நழுவாது.

குடகர்களின் ஒடிகத்தி வேறு மாதிரி. இடுப்புக்குப் பின்னால் பித்தளைக் கொளுவியில் செருகுவார்கள். பார்க்கக் கம்பீரம்தான். ஆனால் முதுகில் பை இருந்தால் ஆகாத காரியம். சறுக்கி மல்லாந்து விழுந்தால் முதுகெலும்பு என்னாவது?

நான் நடக்கும்போது கத்தியை உறையோடு பையின் பக்கவாட்டில், பிடி மேலே இருக்கும்படி, இரண்டு வாரால் கட்டிவிடுவேன். பையை இறக்கிய பிறகுதான் அது இடுப்புக்கு வரும். உறை தொடையில் அடித்துக்கொண்டே இருந்தால் அதன் அடிமுனையை ஒரு கயிற்றால் காலோடு கட்டுங்கள், அடங்கிவிடும்.

இன்னொன்று. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் சரணாலயங்களுக்குள் ஆயுதத்தோடு நுழையக்கூடாது. அந்தச் சட்டத்தில் கத்தியும் ஆயுதம்தான். கிளம்புமுன் வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.