பெரிய தீவில் ஒரு பகல்



இஸ்தான்பூல் நகருக்குப் போகும் குடும்பங்கள் பெரும்பாலும் பள்ளிவாசல்களையும் அரண்மனைகளையும் கடைத்தெருக்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. அதே நகரைச் சேர்ந்த ஒன்பது தீவுகள் மர்மரா கடலில் வரிசையாக இருப்பது பலருக்குத் தெரியாது. இளவரசர் தீவுகள் என்று அவற்றுக்குப் பெயர். அவற்றுள் பெரியது பூயுக் அதா. துருக்கி மொழியில் அதன் பொருளே ‘பெரிய தீவு’ என்பதுதான். ஆனால் பரப்பளவோ சுமார் 5.5 சதுர கிலோமீற்றர் மட்டுமே. ஒரு பகல் பொழுதுக்கு இது போதுமான இடம்.

கோடையில் அங்கே கால் வைக்க இடமிருக்காது. குளிர்காலத்தில்தான் தீவு தன் இயல்பான அமைதியோடு இருக்கும். அந்த நாட்களில் அங்கே போக வழிகாட்டியோ சுற்றுலாக் கம்பனியோ தேவையில்லை. யாராவது கூட்டிக்கொண்டு போனால்தான் பயணம் என்று நம்மில் பலர் பழகிவிட்டோம். கூட்டத்தோடு போனால் ஏறச் சொல்லும்போது ஏற வேண்டும், இறங்கச் சொல்லும்போது இறங்க வேண்டும். குழந்தை களைத்தாலும் தொழுகை நேரம் வந்தாலும் பிறரைக் கேட்டுத்தான் நிற்கலாம். நாமே திட்டமிட்டால் அந்தப் பகல் முழுவதும் நம் கையில் இருக்கும்.

திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது? திரும்பி வரும் படகிலிருந்து தொடங்குங்கள்! குளிர்கால நேர அட்டவணையில் படகுகள் குறைவு; பகலும் குறுகியது. துருக்கி 2016ஆம் ஆண்டு முதல் கோடை நேரத்தையே வருடம் முழுவதும் கடைப்பிடிக்கிறது. அதனால் டிசம்பர் இறுதியில் சூரியன் உதிக்க ஏறக்குறைய காலை 8.30 ஆகிவிடும். மறைவது மாலை 5.40 அளவில். லுஹர் ஒரு மணி கடந்துதான் வரும். அஸர் மூன்றரையை ஒட்டி வரும். ஆகவே காலை ஒன்பது மணியளவில் புறப்பட்டு, லுஹரையும் அஸரையும் தீவிலேயே தொழுதுவிட்டு, நான்கு மணியை ஒட்டிய படகைப் பிடித்தால் வெளிச்சம் இருக்கும்போதே கரை சேரலாம். அதற்குப் பின்னும் ஒரு படகு இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். ஒன்று தவறினால் மற்றது கைகொடுக்கும்.

நகரின் ஐரோப்பியக் கரையில் படகேறினால் பயணம் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம். சிறு குழந்தைகளோ வயதான உம்மாவோ கூட வந்தால் வேறு வழியும் உண்டு. கடலுக்கு அடியால் செல்லும் மர்மராய் ரயிலில் ஆசியக் கரையிலுள்ள பொஸ்தான்ஜிக்குப் போய், அங்கே படகேறினால் கடற்பயணம் அரை மணித்தியாலமளவில் முடிந்துவிடும். நகரத்தின் பொதுப் பயண அட்டை ரயிலுக்கும் படகுக்கும் செல்லும். படகில் எள்ளுத் தூவிய வளைய ரொட்டியும் சின்னக் கண்ணாடிக் குவளையில் சுடச்சுடத் தேநீரும் கிடைக்கும். ரொட்டித் துண்டுக்காகக் கடற்பறவைகள் படகைத் துரத்தி வருவதைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு நேரம் போவதே தெரியாது.

தீவில் இறங்கியதும் உங்கள் காதுதான் முதலில் வித்தியாசத்தை உணரும். தனியார் மோட்டார் வாகனங்களுக்கு அங்கே இடமில்லை. முன்பு குதிரை வண்டிகள் ஓடின. குதிரைகளிடையே நோய் பரவியதாலும் அவை படும் துன்பத்துக்கு எழுந்த எதிர்ப்பாலும் 2020இல் அவை நீக்கப்பட்டு, மின்சார வண்டிகள் வந்தன. நடக்க முடியாதவர்கள் அவற்றில் ஏறலாம். நடக்க முடிந்தவர்கள் நடந்தே பாருங்கள். இரு பக்கமும் மரத்தால் கட்டிய பழைய மாளிகைகள். கோடைக்கு மட்டும் வரும் உரிமையாளர்கள் பூட்டிவிட்டுப் போயிருப்பார்கள். மதில்களில் பூனைகள் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். பெப்ரவரியில் போனால் மிமோசா மரங்கள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும்.

பைன் மரக்காட்டுக்குள் ஏறினால், பாழடைந்து நிற்கும் மிகப் பெரிய மரக் கட்டடம் ஒன்றைக் காணலாம். ஐரோப்பாவின் மிகப் பெரிய மரக் கட்டடங்களுள் ஒன்று அது. ஹோட்டலாகக் கட்டப்பட்டது, சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் அனுமதி கிடைக்கவில்லை. 1903இல் கிரேக்க அநாதைப் பிள்ளைகளின் இல்லமாகி, 1964இல் மூடப்பட்டது. உள்ளே போக முடியாது. வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்கலாம்.

அழகான இந்தத் தீவு ஒரு காலத்தில் சிறையாக இருந்தது. கி.பி. 797 முதல் தன் பெயரிலேயே பைசாந்தியப் பேரரசை ஆண்ட ஐரீன் என்ற பெண், இங்கே ஒரு கன்னியர் மடம் கட்டுவித்தாள். 802இல் பதவி பறிபோனபோது அதே மடத்துக்கே அவளை அனுப்பினார்கள். பின்னர் இன்னும் தொலைவிலுள்ள லெஸ்பொஸ் தீவுக்கு மாற்றப்பட்டு, 803இல் அங்கேயே இறந்தாள். ரஷ்யப் புரட்சித் தலைவர் ட்ரொட்ஸ்கியும் நாடு கடத்தப்பட்டு 1929 முதல் 1933 வரை இத்தீவில் வாழ்ந்தார். திரும்பும் வழி அடைபட்டவர்களின் தீவு அது.

தொழுகைக்கு, இறங்குதுறையிலிருந்து நடக்கும் தூரத்தில் அப்துல் ஹமீத் காலத்து ஹமீதியா பள்ளிவாசல் இருக்கிறது. குளிர்காலத்தில் பல கடைகள் மூடியிருக்கும்; திறந்திருக்கும் மீன் உணவகங்கள் சிலவற்றில் மதுவும் பரிமாறுவார்கள். கையோடு சாப்பாடு கொண்டு போவது நல்லது. கறுவாத்தூள் தூவிய ‘சாலெப்’ என்ற சூடான பால் பானம் கிடைத்தால் குடித்துப் பாருங்கள். பகலிலும் 8, 9 பாகை செல்சியஸ் அளவுதான் இருக்கும். காற்றுப் புகாத மேலங்கியும் வழுக்காத சப்பாத்தும் அவசியம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். குளிர்காலத்தில் ‘லொதோஸ்’ என்ற தென்மேற்குக் காற்று பலமாக வீசினால் படகுகள் நின்றுவிடும். முதல்நாள் இரவும் புறப்படும் காலையும் காற்று நிலவரத்தைப் பாருங்கள். சந்தேகமிருந்தால் பயணத்தை மறுநாளைக்கு மாற்றுங்கள். யாருக்கும் முன்பணம் கட்டவில்லையே, நட்டம் என்ன? போவதாயின், வாப்பாவின் மருந்தும் குழந்தையின் பால்மாவும் ஒரு நாளுக்கு மேலதிகமாகப் பையில் இருக்கட்டும்.

இத்தனையும் ஒரு தாளில் அடங்கும். வீட்டுச் செலவைக் கணக்கிட்டு, பிள்ளைகளின் பரீட்சையையும் விருந்தாளிகளின் வருகையையும் ஒரே நேரத்தில் சமாளிக்கும் உங்களுக்கு இது பெரிய காரியமல்ல. முதல் வரியில் திரும்பும் படகின் நேரத்தை எழுதுங்கள். மற்றவை, இன்ஷா அல்லாஹ், தானாகவே ஒழுங்காகும்.