பொருந்தாத இயந்திரம்

ஆலயத்தின் பின்புறம், உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த தகரக் கொட்டகையைச் சில மாதங்களுக்குத் தர முடியுமா என்று பங்கு இளைஞன் ஒருவன் கேட்டான். நிட்டிங் கம்பெனியில் பிட்டராக இருப்பவன். எதற்குத் தம்பி என்றேன்.

"அப்பா விட்டுட்டுப் போன காருங்க சாமி. முடிச்சிரலாம்னு இருக்கேனுங்க."

அந்தக் காரை நான் அறிவேன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இதே பங்கில் உதவிக் குருவாக இருந்தபோது, வீடு சந்திக்கச் சென்ற ஒரு மாலையில் அவன் தாய் கண்ணீருடன் முறையிட்டார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்து சனிக்கிழமை அவர் வாங்கும் கூலியில் குடும்பம் நடக்க, கணவரின் கூலியில் பாதி இரும்புக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் அந்த மனிதரை அழைத்து, குடும்பத் தலைவனின் கடமை பற்றி மனைவி மக்கள் முன்னிலையிலேயே பேசினேன். விளையாட்டுப் பொருள் செய்யும் வயதா இது என்றும் கேட்டேன். அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. அந்த வாரமே வண்டியின் மேல் தார்ப்பாய் விழுந்தது. மூன்று ஆண்டுகளில் அவர் மாரடைப்பால் இறந்தார். அப்போது நான் வேறு பங்கில் இருந்தேன்.

இளமையில் அவர் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்திற்குச் சென்று, கோவை கரிவர்தன் உருவாக்கிய பந்தயக் கார்களைப் பார்த்தவராம். மாருதி 800 காரின் இயந்திரத்தை எடுத்து, ஒருவர் மட்டும் அமரும் பந்தய வண்டிக்குள் பொருத்திக் காட்டியவர் கரிவர்தன். 1995-இல் சிறு விமான விபத்தொன்றில் மறைந்தார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் திடல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பின்னாளில் உலகப் பந்தயங்களில் ஓட்டிய நரேன் கார்த்திகேயனும் தொடக்கத்தில் அந்த வகை வண்டியில்தான் அமர்ந்தார். இங்கிலாந்திலோ, 1957-இல் வந்த லோட்டஸ் செவன் போன்ற கார்களை உறுப்பு உறுப்பாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம். அப்படிப் பூட்டினால் அந்நாளில் வரியும் மிச்சமாயிற்று. நம் ஊர்த் தொழிலாளிக்கு அந்த வசதி ஏது? உக்கடத்துப் பழைய இரும்புக் கடையும் வெல்டிங் பட்டறையுமே அவருடைய தொழிற்சாலை.

கொட்டகைக்கு வண்டி வந்த பிறகுதான், அவர் வேலை நின்றதற்கு என் சொல் மட்டுமே காரணமன்று என்பதை அறிந்தேன். மாருதி 800 காரில் இயந்திரமும் கியர் பெட்டியும் ஒரே உருப்படியாக முன்னே குறுக்குவாட்டில் அமர்ந்து முன்சக்கரங்களைச் சுழற்றும். அதை அப்படியே ஓட்டுநருக்குப் பின்னே கொண்டுபோய் வைத்தால் பின்சக்கரங்களைச் சுழற்றும். ஆனால் வைத்தபோது இயந்திரத்தின் ஒரு பக்கம் சட்டத்தின் குறுக்குக் கம்பியில் முட்டியிருக்கிறது. சட்டத்தை அறுக்க மனமில்லாமல், இயந்திரத்தை முன்பின்னாகத் திருப்பி அமர்த்திவிட்டார். இடம் பொருந்திவிட்டது, சுழற்சி மாறிவிட்டது. திருப்பி வைத்த இயந்திரம் சக்கரத்தை எதிர்த்திசையில் சுற்றும். முன்னே செல்ல ஒரே கியர், பின்னே செல்ல நான்கு கியர்! இதை மகன் விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அவன் சிரிக்கவில்லை.

அவன் முதலில் இரும்பைத் தொடவே இல்லை. இயந்திரத்தின் வெளி அளவுகளை எடுத்து, பனியன் கம்பெனிகளில் துணி வெட்ட மாதிரி வைக்கும் அட்டையில் அதே பருமனில் ஒரு கூடு செய்தான். அந்த அட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தவர், கோடு போட்ட இடத்தில் வெட்டித் தந்தவர், அவன் தாய். எடையற்ற அந்தக் கூட்டைச் சட்டத்திற்குள் வைத்து, ஏற்றி இறக்கி, ஒரு வாரம் பார்த்தார்கள். இயந்திரம் மிக உயர்ந்திருந்தால் சக்கரத்திற்குச் செல்லும் அச்சுத்தண்டு செங்குத்தாகச் சாய்ந்து, அதன் மூட்டு விரைவில் தேய்ந்துவிடும். மிகத் தாழ்ந்தால் அடிப்பாகம் கல்லில் இடிக்கும். இடம் முடிவான பிறகே குறுக்குக் கம்பியை அறுத்து, சற்று வளைத்துக் கொண்டுபோய் ஒட்டினான். நிட்டிங் மெஷினின் உருளையைச் சரிபார்க்கும் டயல் கேஜைக் கொண்டுவந்து தாங்கிகளின் மட்டம் பார்த்ததும் அங்கேதான்.

மத்தேயு நற்செய்தியில் தம் நுகத்தைப் பற்றி ஆண்டவர் சொல்லும்போது வரும் கிரேக்கச் சொல்லுக்கு, இனியது, நன்கு உகந்தது என்றெல்லாம் பொருள் உண்டு என்று குருமடத்தில் படித்தோம். நாசரேத்துத் தச்சர் கலப்பைகளும் நுகங்களும் செய்தார் என்று இரண்டாம் நூற்றாண்டின் புனித ஜஸ்டின் எழுதியிருக்கிறார். காங்கேயம் பக்கத்து விவசாயி எவரைக் கேட்டாலும் தெரியும், மாட்டின் கழுத்தைப் பாராமல் நுகத்தடி இழைத்தால் கழுத்து புண்ணாகும். அந்த வீட்டின் கழுத்தை அளக்காமல்தான் நான் அன்று நுகம் வைத்தேன்.

ஒரு மாலை, அவன் வண்டிக்கடியில் படுத்திருந்தபோது அதைச் சொல்லியும் விட்டேன். "அன்னிக்கு உங்க அப்பாவை நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது தம்பி."

சிறிது நேரம் ஸ்பானர் ஓசை மட்டும் கேட்டது. "நான் அங்கதானுங்க சாமி நின்னுட்டிருந்தேன்" என்றான். பிறகு, "அந்த வெளக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டுங்க சாமி" என்றான். காட்டினேன்.

இந்த வண்டி சாலைக்கு வராது. புதிய வடிவ வண்டி எதுவும் அரசு ஏற்ற நிறுவனத்தின் சோதனையில் தேறாமல் பதிவாகாது. உற்பத்தியாளர் தந்த அமைப்பை மாற்றிய வண்டிகளும் கூடாதென 2019-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துள்ளது. தெருவில் ஓட்டக் கூடாது என்று அவனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவன் முன்பே அறிந்திருந்தான். ஆலய வளாகம் போதுமாம்.

முதன்முறை முடுக்கியபோது பத்தே நிமிடத்தில் கொதித்துவிட்டது. முன்னே இருக்கும் ரேடியேட்டருக்கும் பின்னே இருக்கும் இயந்திரத்திற்கும் இடையே ஓடும் நீண்ட நீர்க்குழாயில் காற்று அடைத்திருந்தது. குழாயின் மிக உயர்ந்த இடத்தில் ஒரு திருகு வைத்துக் காற்றை வெளியேற்றினான். மறுவாரம் வண்டி கெபியிலிருந்து கொடிமரம் வரை போயிற்று. முன்னோக்கித்தான் போயிற்று. அவன் தாய் கெபிப் படியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இருக்கைக்கருகில் உள்ள கியர் கம்பு, பின்னே இருக்கும் பெட்டியை எட்ட நீண்ட தண்டு வேண்டியிருக்கிறது. அதில் அரை அங்குலத் தளர்ச்சி. ஒன்றாம் கியர் போட்டால் சில வேளை மூன்றில் விழுகிறது. அடுத்த சனிக்கிழமை மாலை ஒப்புரவு அருளடையாளம் முடிந்ததும் வந்து விளக்குப் பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.