மதுவில் தாட்சண்யம், சந்தேஷில் வைதிகம்

கல்கத்தா நகரத்தைத் தரிசிக்க விரும்புகிறவர்கள் தை மாதத்தில் போக வேண்டும் என்று பலரும் சொல்வதுண்டு. விக்டோரியா நினைவு மண்டபத்தையும் ஹௌரா பாலத்தையும் வெயிலின் உபத்திரவம் இல்லாமல் பார்க்கலாம் என்பது அவர்கள் கூறும் காரணம். எனக்கு அதே யோசனையை எழுதியனுப்பிய கல்கத்தா நண்பரோ, மண்டபத்தைப் பற்றியும் பாலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஈச்சமரத்திலிருந்து இறக்கிய பதநீரைக் காய்ச்சி எடுக்கும் புது வெல்லம், ‘நொலேன் குட்’ என்று அங்கே பிரசித்தி பெற்ற அந்த வஸ்து, குளிர் தொடங்கியபின் வந்து குளிர் நீங்குமுன் மறைந்துவிடுவதால், அது சந்தேஷ் என்ற மிட்டாயில் கலந்து கிடைக்கும் காலத்தைத் தவிர வேறு காலத்தில் தம் ஊருக்கு வருகிறவன் ரயில் கட்டணத்தை விரயம் செய்கிறவன் என்பது அவருடைய திடமான அபிப்பிராயம்.

அபிப்பிராயங்களுக்கு அவரிடம் பஞ்சமே இல்லை. வடக்குக் கல்கத்தாவில் பாக்பஜார்ப் பக்கத்துச் சந்தொன்றில் பிறந்து, அச்சுக்கூடத்தில் பிழை திருத்துபவராக உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பிறர் எழுத்தில் குற்றம் கண்டே ஜீவனம் நடத்திய அந்தக் கண், உத்தியோகம் முடிந்த பிறகும் ஓய்வெடுக்கச் சம்மதிக்கவில்லை. என்னை அவர் ‘மொஷாய்’ (ஐயா) என்பார், அவரை நான் ‘தாதா’ (அண்ணா) என்பேன். இங்கிலீஷில் தொடங்கும் எங்கள் சம்பாஷணை, விவாதம் முற்ற முற்ற அவர் பக்கம் வங்காளியாகவும் என் பக்கம் தமிழாகவும் மாறிவிடும். அவரோடு நகரத்தின் மதுச்சாலைகளையும் சபா மண்டபங்களையும் மிட்டாய்க் கடைகளையும் சுற்றியபோது ஒரு விசித்திரத்தைக் கவனித்தேன். மதுச்சாலைகளின் விஷயத்தில் அவர் கருணாமூர்த்தி. மிட்டாயின் விஷயத்திலோ, வேதத்தில் ஒரு ஸ்வரம் பிசகினாலும் பொறுக்காத கனபாடிகளைப் போன்ற வைதிகர்.

முதல் நாள் மாலையே கணேஷ் சந்திர அவென்யூவிலுள்ள பிராட்வே ஹோட்டலின் மதுச்சாலைக்கு அழைத்தார். 1937-ஆம் ஆண்டில், ராஜாஜியின் ஆட்சியில், சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கி வைத்த ராஜதானியின் சந்ததி நான் என்பதையும், எலுமிச்சம்பழச் சோடாவுக்கு மேல் எதற்கும் எனக்குப் பழக்கமில்லை என்பதையும் விண்ணப்பித்துக்கொண்டேன். “உங்களை யார் குடிக்கச் சொன்னது, மொஷாய்? உட்காரத்தானே கூப்பிடுகிறேன்” என்றார். அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் அவர் சொன்னதன் தாத்பரியம் விளங்கிற்று. சேலத்தில் மதுவிலக்கு வந்த அதே 1937-இல் தோன்றிய அந்த ஹோட்டலின் உயர்ந்த கூரையும், மெல்லச் சுழலும் விசிறிகளும், தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல்களும், ஒரு குவளையை முன்னால் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பத்திரிகை படிக்கும் முதியவர்களும், அவர்களை அவசரப்படுத்த வேண்டும் என்ற எண்ணமே இல்லாத பரிசாரகர்களும் சேர்ந்து, ஒரு பழைய வாசகசாலையில் தப்பித்தவறிப் பானம் வழங்கத் தொடங்கிவிட்டார்களோ என்று மயங்கும்படி செய்தன. பெண்கள் தனியாகவும் தோழியரோடும் வந்து அமர்ந்திருந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எஸ்பிளனேடுக்கு அருகே மெட்ரோ சந்தில் உள்ள ‘சோட்டா பிரிஸ்டல்’ வேறு ஜாதி. 1872 முதல் நடக்கும் அந்த ஸ்தலத்தில் தனி மேஜை என்ற பேச்சே இல்லை. ஒரே மேஜையில் காரியாலய குமாஸ்தாவும் வழக்கறிஞரும் தரகரும் தோளோடு தோள் இடித்து அமர்ந்திருக்க, பரிசாரகர் பானத்தை வைத்த கையோடு பணத்தை வாங்கிக்கொண்டு போகிறார். கணக்கு வளர்வதும் இல்லை, வழக்கு வளர்வதும் இல்லை. நெடுங்காலம் ஆண்களை மட்டுமே அனுமதித்த இடம் அது என்று தாதா சொன்னபோது, இதை மட்டும் ஏன் கண்டிக்கவில்லை என்று கேட்டேன். கண்டிக்கத்தக்கதுதான் என்று ஒப்புக்கொண்டு, ஊறிய கடலையையும் இஞ்சித் துண்டையும் என் பக்கம் நகர்த்தினார். தாட்சண்யம் என்று நான் சொல்வது இதைத்தான்.

பார்க் தெருவைப் பற்றி அவர் அதிகம் பேச விரும்பவில்லை. அது தெற்குக் கல்கத்தாவுக்கு வாசற்படி என்ற மனஸ்தாபம் வட கல்கத்தாக்காரருக்கு இருக்கத்தான் செய்யும். ஆனால் ‘டிரிங்காஸ்’ என்ற பெயர்ப்பலகையைப் பார்த்ததும் எனக்குக் கால் நகரவில்லை. பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா உதூப், நம் மவுண்ட் ரோட்டில் ஸபையர் தியேட்டரின் கீழ்த்தளத்தில் இருந்த ‘நைன் ஜெம்ஸ்’ விடுதியில் முதன்முதலாக மேடையேறி, 1969-இல் இங்கே வந்து, காஞ்சிபுரம் பட்டுப்புடவையும் பெரிய பொட்டுமாக நின்று, இரவு விடுதிப் பாடகி என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று ஜனங்கள் கொண்டிருந்த அத்தனை கற்பனைகளையும் கட்டைக் குரலால் அழித்தெழுதிய இடமல்லவா அது! சென்னை நழுவவிட்டதைக் கல்கத்தா எடுத்து வைத்துக்கொண்டது என்று நான் வருந்த, “எங்கள் ஊரில் உட்காரவும் கேட்கவும் இடம் கொடுப்போம்” என்றார் தாதா. இதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 2003 முதல் அரசாங்கமே மதுவுக்குச் சில்லறைக் கடை நடத்தும் நம் தமிழ்நாட்டில், குடிக்கிறவன் சுவரோரம் நின்று தலையைக் குனிந்துகொண்டு அவசரமாக விழுங்கிவிட்டு ஓடுவதையே பார்த்துப் பழகியவன் நான். குடியைவிட இந்த அவமானமே அவனை அதிகம் கெடுக்கிறதோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

நாட்டுச் சாராயம் விற்கும் ‘காலாசிடோலா’வுக்கு மட்டும் என்னை அழைத்துப் போகவில்லை. நாவலாசிரியர் கமல்குமார் மஜும்தாரும் கவி சக்தி சட்டோபாத்யாயவும் சினிமா டைரக்டர் ரித்விக் கட்டக்கும் அமர்ந்த பெஞ்சுகள் அவை என்று வெளியிலிருந்தே பக்தியோடு கை காட்டினார். உள்ளே போனால் பக்தி குறைந்துவிடும் என்று அஞ்சினார் போலும்.

மண்டபங்களிடம் வந்தால் அவர் குரலே மாறிவிடும். சித்தரஞ்சன் அவென்யூவில் நிற்கும் மகாஜாதி சதனுக்கு 1939-இல் சுபாஷ் சந்திர போஸ் முன்னிலையில் ரவீந்திரநாத் தாகூர் அஸ்திவாரக்கல் நாட்டினார். முன்னின்றவர் நாட்டை விட்டு நீங்கி, நாட்டியவர் மறைந்து, சுதந்திரமும் வந்து, கடைசியில் 1958-இல்தான் அது திறக்கப்பட்டது. இத்தனை மகத்தான சரித்திரம் ஒரு மண்டபத்துக்கு இருந்தாலும், கடைசி வரிசைக்குக் குரல் கேட்கிறதா என்பதே அவருடைய கேள்வி. ஹாத்திபாகானிலுள்ள ஸ்டார் தியேட்டரைப் பற்றிக் கேட்டேன். 1883-இல் பீடன் தெருவில் ஸ்தாபிதமாகி, மறு ஆண்டு ராமகிருஷ்ண பரமஹம்சர் வந்து, சைதன்யராக வேஷமிட்ட பினோதினி தாசியின் நடிப்பைக் கண்டு ஆசீர்வதித்த பெருமை உடைய நாடக ஸ்தாபனம். பிற்பாடு ஹாத்திபாகானுக்கு இடம் மாறி, 1991-இல் தீக்கிரையாகி, பழைய முகப்போடு மறுபடி எழுப்பப்பட்டது. “முகத்தைக் காப்பாற்றிவிட்டார்கள்” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். அங்கே இப்போது சினிமாவும் காட்டுகிறார்கள்.

அவர் மனமுவந்து புகழ்ந்த ஒரே சபை, 1952-இல் தொடங்கிய டோவர் லேன் சங்கீத மகாநாடு. மாலையில் ஆரம்பித்து இரவெல்லாம் நடந்து, விடியற்காலை ராகங்களை அவற்றுக்குரிய வேளையிலேயே கேட்கச் செய்யும் அந்தச் சம்பிரதாயத்தை, ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் உள்ள நஸ்ருல் மஞ்சத்தில் அவரோடு அமர்ந்து நான் அனுபவித்தேன். அங்கே கூட அவர் மண்டபத்தைப் புகழவில்லை. முன்பு பக்கங்கள் திறந்திருந்ததாம், பனிக்காற்றுக்கு நடுவே சிதார் கேட்டால்தான் குளிர்காலம் என்று பொருளாம்; குளிர்சாதனம் வைத்து அடைத்தது அவருக்குச் சம்மதமில்லை. அவர் புகழ்ந்ததெல்லாம் ஜனங்களையே. குரங்குக்குல்லாயும் சால்வையுமாகப் பின்னிரவு வரை அசையாமல் அமர்ந்து, ஒரு நல்ல பிரயோகம் விழும்போது மட்டும் ‘ஆஹா’ என்று மூச்சுவிடுவதுபோலச் சொல்லும் அந்தச் சபையைப் பார்த்தபோது, தனி ஆவர்த்தனம் தொடங்கிய மாத்திரத்தில் காண்டீனை நோக்கிப் படையெடுக்கும் நம் மார்கழி ரசிகர்களை நினைத்து எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும்: சங்கீதம் நன்றாக இருந்தும் காண்டீன் கீரை வடை விஷயத்தில் சென்னையை வெல்ல இந்த மகாநாட்டுக்குச் சக்தி போதாது.

இனி மிட்டாய். இங்கேதான் தாதா தம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

ராம்துலால் சர்க்கார் தெருவில், ஹெதுவா குளத்துக்கு அருகே, கிரீஷ் சந்திர தே–நகுர் சந்திர நந்தி என்ற இரட்டைப் பெயரோடு 1844 முதல் நடக்கும் கடையை ஊரார் சுருக்கமாக ‘நகுர்’ என்கிறார்கள். நகுர் என்றால் சந்தேஷ்தான். நின்று வாங்கி நின்றே தின்றுவிட்டுப் போக வேண்டியதுதான். உபசாரம் ஒன்றும் கிடையாது. பாலைக் காய்ச்சித் திரித்து, துணியில் கட்டி நீரை வடித்த ‘சானா’வை உள்ளங்கையால் பிசைந்து, வெல்லமோ சர்க்கரையோ சேர்த்து வாணலியில் மரக்கரண்டியால் இடைவிடாமல் கிளறும்போது, சிறிது முன்னால் இறக்கினால் இளம்பாகு, சிறிது பின்னால் இறக்கினால் கெட்டிப்பாகு, அந்தச் சிறிது நேரத்தைக் கணிக்கும் கைக்குக் கடிகாரம் உதவாது என்பது தாதாவின் வாதம். நுங்கின் வடிவில் அச்சிட்டு, கடித்தால் உள்ளிருந்து பன்னீர் பாயும் ‘ஜொல்பரா’ சந்தேஷைக் கொடுத்தபோது, முன்னெச்சரிக்கை ஏதும் சொல்லாமல் என் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தன்நகரில் சூர்ய மோதக் என்ற மிட்டாய்க்காரர், வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைப் பரிகாசம் செய்யவென்றே செய்து கொடுத்த பண்டம் அது என்று சொல்வார்கள். பரிகாசம் இன்னும் பலிக்கிறது.

பௌபஜாரில் உள்ள பீம் சந்திர நாக் கடை 1826-ஐச் சேர்ந்தது. கவர்னர்-ஜெனரல் கானிங் பிரபுவின் மனைவி பெயரால் வழங்கும் ‘லெடிகெனி’ என்ற பொரித்த உருண்டை இங்கேதான் தோன்றிற்று என்பர். சுவரில் வங்காள எண்கள் பொறித்த கடிகாரம் ஒன்று தொங்குகிறது. குக் அண்டு கெல்வி என்ற வெள்ளைக்காரக் கடிகாரக் கம்பெனியின் முதலாளி, மிட்டாயை ருசித்து மகிழ்ந்து, கடைக்காரர்களுக்குப் புரிய வேண்டுமென்று அவர்கள் லிபியிலேயே செய்வித்துக் கொடுத்தாராம். மணி காட்டுவதற்கென்று இங்கே வந்தவர்களிடம் இப்படிப் பக்தியை வாங்கிக்கொண்ட கடை வேறெங்கே இருக்கிறது என்று தாதா கேட்டார்.

ரஸகுல்லா யாருடையது என்று வங்காளத்துக்கும் ஒடிஸாவுக்கும் நடந்த சண்டையில் அவர் இறங்கவில்லை; அதற்கு அவசியமும் இல்லை என்று நினைக்கிறார். பாக்பஜார் நொபின் சந்திர தாஸ் 1868-இல் அதை உருவாக்கினார் என்பது அவர் தெருவின் ஐதிகம். 2017-இல் வங்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும், 2019-இல் ஒடிஸாவின் ரஸகோலாவுக்கும் தனியாகக் கிடைத்ததும் அவருக்கு ஒன்றுதான். பூரி ஜகந்நாதர் சாப்பிடுவதை ஜகந்நாதரே சொல்லட்டும் என்றார்.

பால் பற்றாக்குறையைக் காரணம் காட்டி 1965-இல் முதலமைச்சர் பிரபுல்ல சந்திர சென் அரசாங்கம் சானா மிட்டாய்களைத் தடை செய்ததே, அதைச் சொல்லும்போது மட்டும் அவருக்கு இன்னும் ரத்தம் கொதிக்கிறது. 1967 தேர்தலில் சென் தோற்றதற்குச் சந்தேஷின் சாபமே காரணம் என்பது அவர் சித்தாந்தம். அரிசிப் பஞ்சமும் அதை எதிர்த்த கிளர்ச்சியுமே காரணம் என்று நான் எண்ணுகிறேன். அதே ஆண்டு நம் ஊரிலும் அரிசிதான் ஆட்சியை மாற்றியது. இந்த ஒப்புமையை நான் எடுத்துச் சொல்ல, தாதா அரிசியைக் கௌரவமான எதிரியாக ஏற்றுக்கொள்ள மறுத்துவிட்டார்.

ஏன் இந்தப் பட்சபாதம் என்று யோசித்துப் பார்த்தேன். புட்டியில் அடைத்த பானம் எங்கோ வடித்தது. கடைக்காரன் கொடுப்பது மேஜையும் அவகாசமும்தான். அவற்றை அவன் தாராளமாகக் கொடுத்தால் மற்றதை மன்னித்துவிடலாம். கச்சேரியும் வெளியிலிருந்து வருவதே. மண்டபத்தின் பங்கு அதைக் கெடுக்காமல் இருப்பது. சந்தேஷோ இன்று காலையில், இந்தத் தெருவில், இந்தக் கையால் கிளறியது; இளம்பாகானால் மறுநாளுக்குள் கெட்டுவிடும். அதில் குறை இருந்தால் பழிபோட வேறு யாரும் இல்லை. தாதாவின் கண்டிப்பு அநியாயம் அல்ல என்று எனக்குப் பட்டது.

ஆனாலும் எல்லாவற்றிலும் அவரோடு நான் உடன்படவில்லை. பவானிப்பூரில் 1885 முதல் நடக்கும் பலராம் மல்லிக் கடையில் ரஸகுல்லாவை அடுப்பில் சுட்டும் சந்தேஷில் சாக்லேட்டைச் சேர்த்தும் கொடுக்கிறார்கள். தாதா வாசலிலேயே நின்றுவிட்டார். நான் உள்ளே போய் இரண்டையும் சாப்பிட்டேன். சுட்ட ரஸகுல்லாவின் மேல்தோல் திரட்டுப்பாலை ஞாபகமூட்டும்படி சிவந்து மணத்தது, மறுபடியும் ஒன்று வாங்கினேன். வைதிகம் தோற்ற இடத்தில் ரசனை பிழைத்துக்கொள்ளும் சந்தர்ப்பங்களும் உண்டு.

ஊர் திரும்பும்போது, நொலேன் குட் கலந்த இளம்பாகு சந்தேஷை வீட்டுக்கு வாங்கிப் போக வேண்டுமென்று கேட்டேன். சென்னைக்கு ஒரு நாளுக்கும் மேற்பட்ட ரயில் பிரயாணம். விஜயவாடாவைத் தாண்டுமுன் புளித்துவிடும் என்று தடுத்தார். 1930-இலேயே டப்பியில் அடைக்கத் தொடங்கிவிட்டார்களே, அந்த ரஸகுல்லாவையாவது வாங்குகிறேன் என்றதற்கு, டப்பியில் அடைத்ததை நான் எலுமிச்சம்பழச் சோடாவோடு சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டு, நகுரில் கெட்டிப்பாகு சந்தேஷ் இரண்டு பெட்டிகளைத் தாமே எண்ணி அடுக்கி, நூல் கட்டி, எந்தப் பெட்டியை முதலில் திறக்க வேண்டும் என்பதையும் மேலே எழுதிக் கொடுத்தார்.