முடிவு வருமுன் சொல்ல வேண்டிய சொல்



பொறுமையைப் பற்றி நாம் வாசிக்கும் கட்டுரைகளுள் பெரும்பாலானவை முடிவு தெரிந்த பின்னர் எழுதப்பட்டவை. கேட்டது கிடைத்தவர் நன்றியோடு எழுதுகிறார். கிடைக்காதவர் தமக்கே ஆறுதல் கூறிக்கொண்டு எழுதுகிறார். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும், இன்னும் காத்திருக்கும் ஒருவருக்கு அவை முழுமையாக உதவுவதில்லை. ஆகவே, முடிவு என்னவென்று அறியாத நிலையிலேயே இதனை எழுதிவிட எண்ணினேன்.

என் மூத்த மகள் இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பை முடித்தாள். சென்னையை அடுத்த சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகத்தில், கணிதமும் கணினி அறிவியலும் இணைந்த பி.எஸ்சி. ஆனர்ஸ் படிப்புக்கு விண்ணப்பித்து நுழைவுத் தேர்வும் எழுதியிருக்கிறாள். மாணவர்கள் சி.எம்.ஐ. என்று சுருக்கமாக அழைக்கும் அந்நிறுவனம் 1989இல் கணித அறிஞர் சி.எஸ். சேஷாத்ரி அவர்களால் தொடங்கப்பட்டது. 1998 முதல் இளநிலைப் படிப்பை நடத்தி வருகிறது. இடங்கள் குறைவு, நாடெங்கிலுமிருந்து எழுதுவோர் மிகப் பலர். தேர்வின் ஒரு பகுதியில் விடையை மட்டும் தந்தால் போதும். மற்றொரு பகுதியில் நிரூபணத்தை அடியிலிருந்து முடிவுவரை எழுதிக் காட்ட வேண்டும். அப்பகுதியில் ஒரு வினாவுக்குப் பாதி வழி சென்று நின்றுவிட்டாள். அந்தப் பாதி நிரூபணம் இப்போது எங்கள் வீட்டில் ஓர் உறுப்பினரைப் போல் வாழ்கிறது. உணவருந்தும்போதும் அதுவே பேச்சு.

நாங்கள் வாழ்வது கொல்லிமலையில். காரவள்ளி வழியாக வருவோர் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இங்கே வர வேண்டும். மிளகும் காப்பிக் கொட்டையும் வாங்கி விற்கும் பொருட்டு மலையேறி வந்து தங்கிவிட்ட சில முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, மக்ரிபுக்குப் பின் குர்ஆன் ஓதக் கற்றுக் கொடுப்பது என் பணி. இஸ்லாமியக் கல்வியில் பட்டயம் பெற்றவன் நான். என் மகள் எழுதிய வினாத்தாளில் ஒரு வினாவைக்கூட என்னால் புரிந்துகொள்ள இயலவில்லை. எனினும், அவளுடைய கணித ஆர்வம் தொடங்கிய இடம் எங்கள் மத்ரஸாவின் பாய்தான் என்பதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு.

ஒருநாள் பெரிய மாணவர் ஒருவருக்கு ஃபராயிள் எனும் பாகப்பிரிவினைச் சட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். மிம்பரிய்யா என்று பெயர் பெற்ற புகழ்மிக்க கணக்கு அது. ஒருவர் மனைவி, இரண்டு மகள்கள், தாய், தந்தை ஆகியோரை விட்டு இறக்கிறார். மனைவிக்கு எட்டில் ஒன்று. மகள்களுக்கு மூன்றில் இரண்டு. தாய்க்கும் தந்தைக்கும் ஆளுக்கு ஆறில் ஒன்று. மொத்தத்தை 24 பங்காக வைத்தால் முறையே 3, 16, 4, 4 என்று வரும். கூட்டினால் 27. இருப்பதோ 24. கலீஃபா அலீ (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றிருந்தபோது இது கேட்கப்பட்டதாகவும், மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிட்டது என்று அவர்கள் தயங்காமல் விடையளித்ததாகவும் நூல்கள் கூறுகின்றன. சொத்தை 27 பங்குகளாக்கி அதில் 3 பங்கை மனைவிக்கு அளித்தால் அது ஒன்பதில் ஒன்றே. ஓரமாக அமர்ந்திருந்த என் மகள், அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது, அன்றிரவு முழுவதும் வேறு வேறு வாரிசுகளை வைத்து அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மீ அவர்களின் அல்ஜப்ர் நூலில் பெரும்பகுதி, வாரிசுரிமையும் மரண சாசனமும் பற்றிய கணக்குகளே என்று பின்னர் அவளிடம் கூறினேன். அல்ஜீப்ரா என்ற சொல்லே அந்நூலின் பெயரிலிருந்து பிறந்தது. அனாதைக்கும் கைம்பெண்ணுக்கும் உரிய பங்கு ஓர் அணுவும் குறையாமல் சென்று சேர வேண்டும் என்ற கவலை, கணிதத்தின் ஒரு கிளையை வளர்த்திருக்கிறது. இக்கல்வி மார்க்கத்திற்கு அந்நியமானது என்று எங்கள் வீட்டில் எவரும் எண்ணியதில்லை.

இப்போது காத்திருப்புக்கு வருகிறேன்.

சென்ற வாரம் இஷாத் தொழுகைக்குப் பின் அவள் என்னிடம் கேட்டாள்: "அத்தா, விடைத்தாளைத் திருத்தி முடித்திருப்பார்கள். மதிப்பெண் எதுவோ அது ஏற்கெனவே இருக்கிறது. இனிமேல் நாம் கேட்கும் துஆ எதை மாற்றப்போகிறது?"

இது ஈமான் குறைந்தவளின் கேள்வி அன்று. நிரூபணம் தேடிப் பழகியவளின் கேள்வி. அவளுக்கு நான் அளித்த விடையை இங்கும் பகிர்ந்துகொள்கிறேன்.

ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பின்படி, நபி (ஸல்) அவர்கள் குர்ஆனின் அத்தியாயத்தைக் கற்றுக்கொடுப்பது போலவே இஸ்திகாராவின் துஆவையும் தம் தோழர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தத் துஆவின் அமைப்பை உற்று நோக்கினால் ஒன்று புலப்படும். இக்காரியத்தை எனக்குத் தந்துவிடு என்று அது நேராகக் கேட்பதில்லை. இது எனக்கு நன்மையானால் எனக்கு வாய்க்கச் செய் என்கிறது. தீமையானால் இதை என்னை விட்டும் என்னை இதை விட்டும் திருப்பிவிடு என்கிறது. நன்மை எங்கிருந்தாலும் அதனை விதித்து, அதில் என்னை மனநிறைவு கொள்ளச் செய் என்று முடிகிறது. விடைத்தாளின் மதிப்பெண் எழுதப்பட்டுவிட்டது உண்மையே. அந்த மதிப்பெண் அவள் வாழ்வில் என்னவாக மாறப்போகிறது என்பது எவராலும் திருத்தி முடிக்கப்படவில்லை. அந்த இடம் கிடைத்து அவள் செருக்கடையலாம். கிடைக்காமல் வேறோர் ஊரில் தனக்கேற்ற ஆசிரியரைச் சந்திக்கலாம். நம் துஆவுக்கு வேலை இருப்பது அங்கேதான்.

துஆவுக்கு எவ்வாறு பதில் வரும் என்பதையும் நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். பாவமானதையோ உறவை முறிப்பதையோ கேட்காத வரை, ஒன்று கேட்டதே விரைவில் கிடைக்கும். அல்லது மறுமைக்காகச் சேமிக்கப்படும். அல்லது அதற்கு நிகரான ஒரு தீங்கு விலக்கப்படும். கேட்டேன், பதில் வரவில்லை என்று அவசரப்படுவதைத்தான் தடுத்தார்கள். இதைக் கேட்ட என் மகள், "அப்படியானால் மூன்று வழிகளுள் நமக்குக் கண்ணால் தெரிவது ஒன்றுதான்" என்றாள். ஆம், அவ்வளவே.

துஆ கேட்டுவிட்டுக் கைகட்டி அமர்ந்திருப்பதும் நம் வழி அன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்பை ஒப்படைக்குமாறு கிராமவாசி ஒருவருக்கு நபி (ஸல்) அவர்கள் கூறிய அறிவுரையை நாம் அனைவரும் அறிவோம். எங்கள் வீட்டில் ஒட்டகத்தைக் கட்டுவது என்றால் மற்ற விண்ணப்பங்களை முடித்து வைப்பது. பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்துள்ளாள். அரசுக் கலைக் கல்லூரிக்கும் விண்ணப்பித்திருக்கிறாள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்பதால், தொழிற்படிப்புகளில் 2021 முதல் நடைமுறையில் உள்ள 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கும், 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய்க்கும் உரிய சான்றிதழ்களைத் தலைமையாசிரியரிடம் பெற்று வைத்துள்ளோம். முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்குச் சாதிச் சான்றிதழ் தேவை, அதுவும் ஆயத்தம். இத்தகவல்களை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. நம் சமூகத்தில் பல பெற்றோர் ஒரே ஒரு முடிவுக்காகக் காத்திருந்து, மற்ற கதவுகளின் கடைசி நாளைக் கடந்துவிடுகின்றனர். தவக்குல் என்ற பெயரில் அதைச் செய்ய வேண்டாம்.

இம்ரானின் மனைவியின் வரலாறு இந்நாள்களில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. தம் வயிற்றிலிருந்த குழந்தையை இறைவனின் பணிக்கென நேர்ந்துகொண்ட அந்தத் தாய், ஆண் குழந்தையை எதிர்பார்த்திருந்தார்கள். பிறந்ததோ பெண். இறைவனிடம் அதை வியப்போடு முறையிட்டார்கள். எதிர்பார்த்த விடை வரவில்லை. ஆனால் வந்தவர் மர்யம் (அலை). அக்குழந்தையை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்பதில் போட்டி எழுந்தபோது, எழுதுகோல்களை எறிந்து முடிவு செய்தார்கள் என்றும் குர்ஆன் கூறுகிறது. ஜகரிய்யா (அலை) அவர்களிடம் அப்பொறுப்பு சேர்ந்தது. பொறியியல் கலந்தாய்வில் எல்லா வகையிலும் சமமாக நிற்கும் மாணவர்களைப் பிரிக்கச் சமவாய்ப்பு எண் வழங்குகிறார்களே, அதைக் கண்டு என் மகள் சிரித்தபோது இந்நிகழ்வைத்தான் சொன்னேன். மனிதர்களின் தேர்வு முறைகள் அனைத்திலும் ஓர் இடத்தில் மனிதனின் கை நின்றுவிடுகிறது.

கணிதம் படிப்போருக்குக் கணித உலகிலிருந்தே ஒரு காத்திருப்பையும் கூறலாம். கும்பகோணத்துக் கல்லூரியிலும் பின்னர் சென்னைக் கல்லூரியிலும் தேர்வில் தோற்ற சீனிவாச ராமானுஜன், சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகப் பணியாற்றிக்கொண்டே 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன் அங்குள்ள வேறு அறிஞர்களுக்கு எழுதிய கடிதங்களால் பயன் விளையவில்லை. ஹார்டியின் பதில் பிப்ரவரி 8ஆம் நாளிட்டது; கப்பலில் அது வந்து சேர இன்னும் சில வாரங்கள். அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியது. கடிதம் கடலில் இருந்த நாள்களிலும் அவர் துறைமுகக் கணக்குகளை எழுதினார். மாலையில் தம் சூத்திரங்களை எழுதினார். காத்திருந்த நாள்களில் அவருடைய கணிதம் நிற்கவில்லை.

எங்கள் வீட்டிலும் அதையே முயல்கிறோம். காலையில் அவள் அந்தப் பாதி நிரூபணத்தை மீண்டும் எடுத்து அமர்கிறாள். மதிப்பெண்ணுக்காக அன்று, அது முடிய வேண்டும் என்பதற்காக. மாலையில் மத்ரஸாவின் சிறு பிள்ளைகளுக்கு அலிஃப், பா கற்றுக் கொடுக்கிறாள். என் துணைவியார் திங்களும் வியாழனும் நோன்பு வைக்கிறார். பலாப்பழம் கொண்டுவந்து தரும் பக்கத்துத் தோட்டத்து மூதாட்டி, "பாய், பாப்பாவுக்குத் தாக்கல் வந்துச்சா?" என்று கேட்கிறார். அன்பினால் கேட்கிறார். ஆயினும் ஒவ்வொரு முறையும் என் மகளின் முகம் சற்று வாடுவதைக் காண்கிறேன். தேர்வு எழுதிய பிள்ளை இருக்கும் வீட்டுக்குச் செல்வோர் அந்த ஒரு கேள்வியை மட்டும் வெளியே வைத்துவிட்டு வந்தால், அதுவும் ஒரு தர்மமே.

இவை அனைத்தையும்விட முதன்மையானதாக நான் கருதுவது ஒன்று உண்டு. பெற்றோர் தம் பிள்ளையிடம் கூற வேண்டிய ஒரு சொல், முடிவு வருமுன்னரே கூறப்பட வேண்டும். முடிவு வந்த பின்னர் அதே சொல்லுக்கு மதிப்புக் குறைந்துவிடும். இடம் கிடைத்தபின், கிடைக்காவிட்டாலும் உன்மேல் எனக்குக் குறை இருந்திராது என்று சொன்னால் அது செலவில்லாத பெருந்தன்மை. கிடைக்காதபின் சொன்னால் அது இரக்கம். பிள்ளைக்கு அது தெரிந்துவிடும். இரண்டும் தெரியாத நாளில் சொல்லப்படும்போதுதான் அச்சொல்லில் பிள்ளைக்கு நம்பிக்கை பிறக்கிறது.

எனவே, நான்கு நாள்களுக்கு முன் சுப்ஹுக்குப் பிறகு அவளை அழைத்து அமர வைத்துக் கூறினேன்: "அம்மா, அந்தப் பட்டியலைத் தயாரிப்பவர்கள் நேர்மையானவர்கள் என்றே நம்புகிறேன். ஆனால் அவர்கள் பார்த்தது உன் விடைத்தாளை. உன்னை அவர்கள் பார்த்ததில்லை. அவர்கள் சொல்லப்போவது உன் வாழ்வில் சில மணி நேரத்தைப் பற்றி. உன்னைப் பதினேழு ஆண்டுகளாகப் பார்த்துவருபவன் நான். என் முடிவு முன்பே வந்துவிட்டது, அது மாறாது."

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "அப்படியென்றால் அத்தா, இடம் கிடைத்தாலும் அது அந்தச் சில மணி நேரத்தைப் பற்றியதுதானே?" என்றாள்.

இதற்கு நான் ஏதும் சொல்லவில்லை. தோல்வியைத் தாங்க அவளை ஆயத்தப்படுத்த எண்ணினேன். அவளோ வெற்றியைத் தாங்கவும் ஆயத்தமாகிவிட்டாள். தவறிப்போனதற்காகத் துக்கப்படாமலும் கிடைத்ததற்காகக் கர்வப்படாமலும் இருக்கும்பொருட்டே விதி முன்னரே எழுதப்பட்டதாகக் குர்ஆன் கற்பிக்கிறது. இவ்விரண்டில் முதலாவதையே நாம் பிள்ளைகளுக்கு அதிகம் நினைவூட்டுகிறோம். இரண்டாவதும் அதே அளவுக்குத் தேவை.

இதை வாசிக்கும் சகோதர சகோதரிகளுள் பலருடைய வீடுகளில் இந்நாள்களில் ஏதேனும் ஒரு பட்டியலுக்கான எதிர்பார்ப்பு இருக்கும்: மருத்துவம், பொறியியல், வேலை, வெளிநாட்டு விசா. உங்கள் பிள்ளையிடம் சொல்ல வேண்டியதை இன்றே சொல்லிவிடுங்கள். நாளை அந்தப் பட்டியல் வெளியாகிவிடக்கூடும்.

யா அல்லாஹ், காத்திருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் நன்மை எங்கே உள்ளதோ அங்கே அவர்களைக் கொண்டு சேர்ப்பாயாக. அதில் அவர்களுக்கு மனநிறைவைத் தருவாயாக. அவர்களுடைய கல்வியைப் பிறருக்குப் பயனுள்ளதாக ஆக்குவாயாக. ஆமீன்.